ஈ.என்.டி. வந்தால் வாயை மூடு!

சிட்லபாக்கம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பிளஸ் ஒன் சேர்கிற பையனிடமோ பெண்ணிடமோ தெருவில் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எந்த ஸ்கூல்? என்ன குரூப்? லாங்குவேஜ் என்ன எடுத்திருக்கே? மூன்றாவது கேள்விக்கு "பிரெஞ்ச்" என்று பதில் வந்தால், "நல்லதாப் போச்சு, மார்க் அள்ளிடலாம்" என்று ஆசீர்வாதம் கிடைக்கும். நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. "எங்கே, பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசு, கேட்போம்!"

கேட்டால் என்ன ஆகும்? தேர்வில் மார்க்கை அள்ளிய பிள்ளையே 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதைப் பிரெஞ்சில் "இல்ஸ் பார்லென்ட்" என்று சொல்லும். ஒரு பிரெஞ்சுக்காரர் காதில் இது விழுந்தால் இது எந்த ஊர் மொழி என்று முழிப்பார். அவர் சொல்வது "இல் பார்ல்". அவ்வளவுதான். எழுதும்போது இருந்த எஸ்ஸும், கடைசியில் இருந்த ஈ, என், டி என்ற மூன்று எழுத்துகளும் வாய்க்கு வரும்போது காணாமல் போய்விடுகின்றன.

ஈ.என்.டி. என்றாலே காது மூக்கு தொண்டை டாக்டர்தான் நினைவுக்கு வருவார். பிரெஞ்சு வினைச்சொல்லின் சிக்கலும் இந்த மூன்று உறுப்புகளில்தான் இருக்கிறது. காதால் கேட்டு, மூக்கால் இழுத்து, தொண்டையில் அதிர்வு கொடுத்துச் சொல்ல வேண்டியதை நம் ஊரில் கண்ணால் மனப்பாடம் செய்து கையால் எழுதி முடித்துவிடுகிறார்கள். இதை மாற்றுவது பெரிய காரியம் இல்லை. அதற்கு வேண்டிய கருவிகள் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

(ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் பிரெஞ்சு ஒலிகள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. சொல்லின் கடைசியில் 'ஓன்', 'ஆன்' என்று வந்தால் நாக்கைத் தொடவிடாமல் மூக்கு வழியாக விட்டுவிடவும். பிரெஞ்சு 'ஜே' எழுத்துக்கு 'ழ' போடப்பட்டுள்ளது. ழான் பால் சார்த்ர் என்று எழுதுவது தமிழில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான்.)

எழுத்தில் ஐந்து, காதில் மூன்று

முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் வினைச்சொல் 'பார்லே', அதாவது பேசுதல். நோட்டில் ஆறு வரிசை எழுதுவார்கள். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். 'நான்', 'அவன்' இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஆக எழுத்தில் ஐந்து வடிவங்கள். ஐந்துக்கும் எழுத்துப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வையுங்கள். நான் பேசுகிறேன்: ழெ பார்ல். நீ பேசுகிறாய்: தூ பார்ல். அவன் பேசுகிறான்: இல் பார்ல். அவர்கள் பேசுகிறார்கள்: இல் பார்ல். மாறுவது இரண்டுதான். நாங்கள் பேசுகிறோம்: நூ பார்லோன். நீங்கள் பேசுகிறீர்கள்: வூ பார்லே. எழுத்தில் ஐந்தாக இருந்தது காதில் மூன்றாகிவிட்டது. அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் 'நூ' வுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'ஓன்' என்ற பெயரைப் போட்டு "ஓன் பார்ல்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டே ஒலிகள்!

காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எழுத்து என்பது புத்தக மதிப்பு, ஒலி என்பது சந்தை மதிப்பு. 'அவர்கள்' வரிசையில் புத்தக மதிப்பு ஏழு எழுத்து. சந்தையில் விற்றால் கிடைப்பது நான்கு. மீதி மூன்றும் தேய்மானத்தில் போய்விட்டது. புத்தக மதிப்பை மட்டும் தெரிந்துகொண்டு சந்தைக்குப் போகிறவனின் கதி என்னவோ, அதுதான் "பார்லென்ட்" என்று சொல்கிறவனின் கதியும்.

தவறு தமிழ் நாக்கில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது

ஒரு தமிழ்ப் பிள்ளை ஏன் அந்தக் கடைசி எழுத்துகளை விடாமல் பிடித்துக்கொள்கிறது? காரணம் தமிழ் வினைச்சொல்லின் அமைப்பு. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறோம் என்று தமிழில் விகுதிதான் எல்லாமே. 'பேசுகிறேன்' என்று மட்டும் சொன்னால் போதும், 'நான்' தேவையே இல்லை. தோன்றா எழுவாய் என்று இதற்கு இலக்கணத்தில் பெயரும் உண்டு. யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா என்ற தகவல் எல்லாம் சொல்லின் வாலில்தான் தொங்குகிறது. வாலை விழுங்கினால் பொருள் போச்சு. ஆகவே சொல்லின் வாலை அழுத்திச் சொல்வது தமிழனுக்குப் பிறவிக் குணம்.

பிரெஞ்சில் நிலைமை தலைகீழ். வால் எழுத்தில் மட்டும் இருக்கிறது, வாயில் இல்லை. அதனால் தகவலைச் சுமக்கும் வேலை முன்னால் நிற்கும் பெயருக்குப் போய்விட்டது. ழெ, தூ, இல், நூ, வூ இல்லாமல் பிரெஞ்சு வினைச்சொல் (ஏவலைத் தவிர) வெளியே கிளம்பாது. தமிழில் எழுவாய் மறையலாம், விகுதி மறையக்கூடாது. பிரெஞ்சில் விகுதி மறையலாம், எழுவாய் மறையக்கூடாது. இந்த ஒரே ஒரு வரியை முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஆனால் ஈ.என்.டி. வெறும் தண்டச்சோறு என்றும் நினைத்துவிடக் கூடாது. அது தான் பேசாது, பக்கத்து வீட்டுக்காரனைப் பேச வைக்கும். 'அவன் தூங்குகிறான்' என்பது "இல் தோர்". 'அவர்கள் தூங்குகிறார்கள்' என்பது "இல் தோர்ம்". அந்த 'ம்' எங்கிருந்து வந்தது? ஒருமையில் ஒளிந்திருந்த மெய், பன்மையில் ஈ.என்.டி. பின்னால் வந்து நின்றதும் வெளியே வந்துவிட்டது. இதே போல 'அவன் விற்கிறான்' என்பது "வான்" என்று மூக்கோடு முடியும். 'விற்கிறார்கள்' என்பது "வான்த்" என்று பல்லில் முடியும். 'முடிக்கிறான்' என்பது "ஃபினி". 'முடிக்கிறார்கள்' என்பது "ஃபினிஸ்". ஒருவரா பலரா என்பதைப் பிரெஞ்சுக் காது இந்தக் கடைசி மெய்யில்தான் கண்டுபிடிக்கிறது.

இன்னொன்று. பன்மை விகுதியாக வரும்போது மட்டும்தான் ஈ.என்.டி. ஊமை. 'அவன் வருகிறான்' என்ற சொல்லும் ஈ.என்.டி. என்றுதான் முடிகிறது. ஆனால் அங்கே ஈயும் என்னும் வினையின் சொந்த உறுப்பு. அதனால் மூக்கொலி உண்டு. பிரெஞ்சு ஆசிரியர்கள் காட்டும் பிரபலமான ஜோடி ஒன்று இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலில் 'கன்னிமாடம்' என்று ஒரு பெயர்ச்சொல், 'அடைகாக்கின்றன' என்று ஒரு வினைச்சொல். முன்னதை "கூவான்" என்றும் பின்னதை "கூவ்" என்றும் படிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து மட்டும் பிரெஞ்சு படிக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

சிட்லபாக்கம் ஒரு கூவிளங்காய்

இனி அசை பிரிப்புக்கு வருவோம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. அதன்படி படித்த முதல் அணி 2016-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது. ஆக இன்றைக்கு அந்தப் பள்ளிகளிலிருந்து பிளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்குத் தாவும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்து வருடம் தமிழ் படித்தவர்கள். குறளை அலகிட்டு வாய்பாடு எழுதத் தெரிந்தவர்கள். சிட்லபாக்கத்தைக் கொடுத்தால் சிட் / லபாக் / கம் என்று பிரித்து நேர், நிரை, நேர், கூவிளங்காய் என்று சொல்லிவிடுவார்கள்.

பிரெஞ்சு அசை இதுவே அல்ல. நிரையசையில் இரண்டு உயிர் சேர்ந்து நிற்கும். பிரெஞ்சில் ஓர் அசைக்கு ஓர் உயிரொலிதான். அந்தக் கணக்குப்படி நம்மூர் சிட்-ல-பாக்-கம் என்று நான்கு அசை. ஆனால் சொல்லைக் காதால் வெட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, அது இரண்டுக்கும் பொது. அந்தப் பழக்கம் உள்ளவனுக்கு மூன்று விதிகள் போதும்.

முதல் விதி: இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். எழுத்தில் இரட்டித்திருந்தாலும் ஒலியில் பெரும்பாலும் ஒன்றுதான். 'நாங்கள் முடிக்கிறோம்' என்பதை இரண்டு எஸ் போட்டு எழுதுகிறார்கள். வரிக் கடைசியில் சொல்லை உடைத்தால் எஸ்ஸுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டும். ஆனால் சொல்லும்போது ஃபி-னி-ஸோன். நம் பிள்ளைகள் 'பாக்-கம்' மாதிரி 'ஃபினிஸ்-ஸோன்' என்று இரட்டிக்கிறார்கள். ஒரே ஒரு முக்கியமான இடத்தில் இந்தப் பழக்கம் லாபம். 'ஓடுகிறோம்' என்பது கூ-ரோன். 'ஓடுவோம்' என்பது கூர்-ரோன். நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வித்தியாசமே அந்த இரட்டிப்புதான். அதில் தமிழ்ப் பிள்ளையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது விதி: ப், த், க், வ் போன்ற மெய்யும் அதையடுத்து ர் அல்லது ல்லும் வந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும். 'திறக்கிறோம்' என்பது ஊ-வ்ரோன், ஊவ்-ரோன் அல்ல. தமிழ் நாக்குக்கு இது கொஞ்சம் கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பக்கத்து ஊரே சாட்சி. குரோம் லெதர் தொழிற்சாலை வந்ததால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. ஆங்கிலத்தில் ஒரே அசையாக இருந்த சொல்லுக்குள் ஓர் உகரத்தை நுழைத்து 'கு-ரோம்' என்று இரண்டாக்கிக்கொண்டது தமிழ். தமிழில் அது தப்பே இல்லை. பிரெஞ்சில் அப்படி நுழைத்தால் ஓர் அசை கூடிவிடும்.

மூன்றாவது விதிதான் மிக அழகானது. பிரெஞ்சில் ஊமை 'ஈ' ஒன்று இருக்கிறது. தமிழின் குற்றியலுகரம் மாதிரி. தன் மாத்திரையை இழந்து, அடுத்து உயிர் வந்தால் காணாமலே போய்விடும். வீடு + இல்லை = வீடில்லை என்று உகரம் ஓடுவது போலத்தான் ழெ + ஏம் = ழேம், அதாவது 'நான் விரும்புகிறேன்'. இப்போது 'வாங்குதல்' என்ற வினையைப் பாருங்கள். 'வாங்குகிறோம்' என்பது அஷ்-தோன். நடுவில் இருக்கும் ஈ ஊமை. ஆனால் 'வாங்குகிறேன்' என்பது ழ-ஷெத். அதே ஈ இங்கே தலையில் ஒரு கோடு வாங்கிக்கொண்டு கணீரென்று ஒலிக்கிறது. ஏன்? விகுதி ஊமையாகிவிட்டதால் சொல்லின் கடைசி உயிர் ஒலி அதுதான். கடைசியில் நிற்பவனும் வாயை மூடிக்கொண்டால் சொல் எப்படி நிற்கும்?

'அழைத்தல்' வினையிலும் இதே கதை. 'அழைக்கிறேன்' ழ-பெல், 'அழைக்கிறோம்' நூ-ஸ-ப்லோன். இங்கே கோடு போடாமல் எல்லை இரட்டித்து எழுதுகிறார்கள். நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று, சீட்டு மட்டும் வேறு. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 1990-ல் வந்த பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் அழைத்தல், எறிதல் ஆகிய இரண்டு வினைகளையும் அவற்றின் உறவுகளையும் மட்டும் இரட்டிப்போடு விட்டுவிட்டு, இந்த வகையின் மற்றவற்றுக்குக் கோடு போட்டால் போதும் என்றது.

நோட்ஸ்களில் இவை எல்லாம் 'விதிவிலக்குகள்' என்ற தலைப்பில் தனித்தனிப் பட்டியலாக வரும். பிள்ளைகள் ராத்திரி பகலாக உருப்போடுவார்கள். விகுதி ஒலிக்கும் இடத்தில் பகுதி தளரும், விகுதி ஊமையாகும் இடத்தில் பகுதி நிமிரும் என்ற ஒரு வரியில் பட்டியல் முழுவதும் அடங்கிவிடும். காதுக்குத் தெரிந்த விஷயத்தைக் கண்ணுக்குப் புரிய வைக்கத்தான் இத்தனை பாடு!

பாலாறும் புணர்ச்சியும்

பால் + ஆறு = பாலாறு. சொல்லும்போது பா-லா-று. முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிர் மேல் ஏறிக்கொள்கிறது. பிரெஞ்சில் 'அவன் விரும்புகிறான்' என்பதும் அப்படித்தான். இல் + ஏம் = இ-லேம். பன்மையில் இன்னொரு வேடிக்கை. 'இல்' என்பதன் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த எஸ், உயிரைக் கண்டதும் எழுந்து 'இல்-ஸேம்' என்று ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டலில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'அவர்களிடம் இருக்கிறது' என்பதும் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதும் தமிழ் எழுத்தில் எழுதினால் "இல்-ஸோன்" என்று ஒன்றாகவே தெரியும். பிரெஞ்சில் முதலாவது தேனீ ரீங்காரம் போல அதிரும் ஸ. இரண்டாவது பாம்புச் சீறல் போல அதிர்வில்லாத ஸ. தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். தமிழில் இந்த இரண்டு ஸ-வுக்கும் பொருள் வேறுபாடு இல்லாததால் காது இதைத் தானாகப் பிடிக்காது. சொல்லிக்கொடுக்க வேண்டும். 'அவர்கள் பணக்காரர்கள்' என்பதற்கும் 'அவர்களிடம் பணம் இருக்கிறது' என்பதற்கும் நடுவே நிற்பது ஒரு தொண்டை அதிர்வுதான்.

மணி + அடித்தான் என்பதில் ய் என்ற உடம்படுமெய் வருவது போல, கேள்வி கேட்கும்போது பிரெஞ்சில் ஒரு த் நுழைகிறது. 'அவனிடம் இருக்கிறதா?' என்று கேட்க 'அ + இல்' என்று சேர்த்தால் இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும் என்பதால் 'அ-தில்'. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். உடம்படுமெய் என்ற சொல்லை வகுப்பில் உச்சரிக்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

மூக்கு ஏற்கெனவே தயார்

பிரெஞ்சு என்றாலே மூக்கால் பேசுகிற மொழி, நமக்கு வராது என்று ஒரு பயம் உண்டு. சானடோரியம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறி நுங்கம்பாக்கம் வரை போய்ப் பாருங்கள். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம். சாதாரணப் பேச்சில் யாராவது இந்தக் கடைசி ம்-ஐ உதட்டை மூடி முழுசாகச் சொல்கிறார்களா? உதடு மூடுவதற்குள் ஒலி மூக்குக்கு ஏறிவிடுகிறது. அதுதான் மூக்குயிர்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று. 'பேசுறோம்', 'போறோம்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசியில் வருவது மூக்கில் ஒலிக்கும் ஓ. பிரெஞ்சில் 'நாங்கள்' வினையின் விகுதி என்ன? பார்லோன், ஃபினிஸோன், அஷ்தோன். மூக்கில் ஒலிக்கும் அதே மாதிரி ஓ! இரண்டு மொழிக்கும் உறவு இல்லை, இது தற்செயல்தான். ஆனால் கற்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடைக்குமா? காலையில் எழுந்ததிலிருந்து நூறு முறை "போறோம்", "வர்றோம்" என்று சொல்லும் பிள்ளை, வகுப்புக்கு வந்ததும் "பார்லான்ஸ்" என்று படிக்கிறது. புத்தகத்தில் ஓ, என், எஸ் என்று மூன்று எழுத்து இருந்து தொலைப்பதுதான் காரணம்.

சொல்தாவைப் பாருங்கள்

கண்ணை நம்பாமல் காதை நம்பினால் தமிழன் எப்படிப் பிரெஞ்சைப் பிடிப்பான் என்பதற்குப் புதுச்சேரியில் ஆதாரம் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரித் தமிழில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சில் எழுதினால் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு டி உண்டு. ஒலிக்காது. புதுச்சேரிக்காரர்கள் அந்த டி-யைச் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அவர்கள் காதில் அது விழவே இல்லை. நிர்வாகத்தில் இன்றும் வழங்கும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயரிலும் கடைசி ஈ இல்லை. அதே சொற்களை நம்மூர் நோட்ஸில் பார்த்துப் படிக்கச் சொன்னால் 'சோல்டாட்', 'கம்யூனே' என்றுதான் வரும்.

புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவுக்குக் கைமாறியது. சொற்கள் கைமாறாமல் தங்கிவிட்டன. அவற்றை முதலில் வாயில் போட்டுக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் பிரெஞ்சுப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். மார்க் வாங்கியவர்களுக்கு வராத உச்சரிப்பு அவர்களுக்கு வந்தது.

மார்க் யாருக்கு, மொழி யாருக்கு?

"எல்லாரும் என்ன பிரான்சுக்கா போகப் போறாங்க? மார்க் வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிளஸ் டூ ரேங்க் அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நின்றுபோன பிறகும் மார்க்கின் மவுசு குறையவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ, அப்புறம் கல்லூரியில் பகுதி 1. பல நூறு மணி நேரம், டியூஷன் பீஸ் வேறு. இவ்வளவு முதலீடு போட்ட சொத்து, கல்லூரி வாசலைத் தாண்டியதும் பைசா பெறாது என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கல்லூரி வாசலுக்கு வெளியே பிரெஞ்சை அளக்கும் தராசு வேறு. பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழான டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். அதாவது பாதி மார்க் காதுக்கும் வாய்க்கும். கனடா 2023 முதல் பிரெஞ்சுத் திறன் உள்ளவர்களுக்கென்று குடியேற்ற அழைப்பில் தனிப் பிரிவு வைத்தது. அதற்கும் நான்கு திறனிலும் தேற வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு வழக்கைச் சென்னையிலிருந்து பார்க்கும் வேலைக்குப் போனாலும் தொலைபேசி நேர்காணல்தான் முதல் படி. தொலைபேசியில் எழுத்துக்கூட்டலை யாரும் பார்ப்பதில்லை.

தமிழில் மார்க் குறையும் என்று தமிழை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குப் பிரெஞ்சும் வாயில் நிற்கவில்லை என்றால் நஷ்டம் இரட்டிப்பு. சங்கடமான உண்மை இதுதான்: இரண்டு மொழியையும் தவறவிட்டு ஒரு மதிப்பெண் பட்டியலை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"வகுப்பில் அறுபது பேர், ஒவ்வொருவரையும் பேச வைக்க முடியுமா?" என்று ஆசிரியர்கள் கேட்பதும் நியாயம்தான். அதற்காகப் பாரிஸ் உச்சரிப்பு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 'பார்ல்' என்று முடிக்க வராமல் 'பார்லு' என்று ஒரு குட்டி உகரம் வந்தாலும் பரவாயில்லை. தென் பிரான்சில் அந்த ஊமை ஈ-யை இன்றும் பலர் ஒலிக்கத்தான் செய்கிறார்கள். பிரெஞ்சு மரபுக் கவிதையிலும் அடுத்து மெய் வந்தால் அதை ஓர் அசையாக எண்ணுவார்கள். தொண்டை ர-வுக்குப் பதில் நம்மூர் ர வந்தாலும் குடி முழுகிவிடாது. ஊர் வாடை அடிக்கலாம். பொருள் மாறக்கூடாது. 'பார்லு' என்பது வாடை, 'பார்லென்ட்' என்பது பிழை. இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே ஆசிரியர் திருத்த வேண்டியது பாதியாகக் குறையும்.

செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். புதிய வினை எதுவானாலும் கரும்பலகையில் எழுதும் முன் மூன்று முறை காதில் விழட்டும். அறுபது பேரும் சேர்ந்து கை தட்டி அசை எண்ணட்டும். 'பார்ல்' ஒரு தட்டு, 'பார்-லோன்' இரண்டு தட்டு. நோட்டில் ஆறு வரிசை எழுதிய பிறகு ஒலிக்காத எழுத்தைப் பென்சிலால் அடிக்கட்டும். அசை, குற்றியலுகரம், உடம்படுமெய், விகுதி என்ற தமிழ்ச் சொற்களை வெட்கப்படாமல் பயன்படுத்தட்டும். உள்மதிப்பீட்டில் ஐந்து மார்க்காவது பேசிக் காட்டுவதற்கு ஒதுக்கட்டும். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்வது கஷ்டமே இல்லை.

பிரான்சில் பிறந்த குழந்தை முதலில் பேசுகிறது, அப்புறம் பள்ளிக்குப் போய் அந்த ஊமை எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறது. பார்லே என்ற ஒரே ஒலியை எங்கே எப்படி எழுதுவது என்று பெரியவர்களே தடுமாறுவார்கள். நம்மூரில் எழுத்து கைவந்துவிடுகிறது, ஒலி வருவதில்லை. அவர்களுக்கு வராததை இங்கே மனப்பாடம் செய்து சாதிக்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் தானாக வருவதை இங்கே கேட்டுப் பழகிச் சாதிக்க முடியாதா?

அடுத்த முறை தெருவில் யாராவது "லாங்குவேஜ் பிரெஞ்ச்" என்று சொன்னால் மார்க்கை விட்டுவிடுங்கள். "அவர்கள் பேசுகிறார்கள் என்பதைப் பிரெஞ்சில் சொல்லு" என்று கேளுங்கள். "இல் பார்ல்" என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம்.